வட்டக்களரியும் பல்கலைக்கழக மேடையும்

நுழையும்முன்

ஊர்த்திடலில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, பல்கலைக்கழக மேடைக்கு வந்தது எவ்வாறு? ஏட்டுக்கல்வி பெறாத கலைஞர் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆசானானது எவ்வாறு? இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த இம்மாற்றம், தமிழ் அரங்க வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். ஒரு கலையைக் காப்பதற்கு எவையெல்லாம் தேவை, காக்கும் முயற்சியில் எவற்றை இழக்க நேரிடும் என்பனவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அரங்கம் என்னும் கருவி

இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுக்கப்பட்ட தமிழில், இடத்தைச் சார்ந்து வாழ்வது நாடகமே. இயலைத் தனித்திருந்து படிக்கலாம். இசையை நடந்துகொண்டே பாடலாம். நாடகத்திற்கோ ஆடுவோர் நிற்க ஓர் இடமும், காண்போர் அமர ஓர் இடமும் வேண்டும். இதனை நன்குணர்ந்த இளங்கோவடிகள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அரங்கின் அளவுகளைத் துல்லியமாகத் தந்துள்ளார். இருபத்து நான்கு விரல் அளவு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கம் அமைக்கப்பட்டது. உள்ளே செல்லவும் வெளியே வரவும் இரு வாயில்கள் இருந்தன. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் தொங்கின. தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்குகள் வைக்கப்பட்டன.

இத்தகைய அரங்கமரபு காலப்போக்கில் பல வடிவங்களைப் பெற்றது. மதுரை, தேனி மாவட்டத்துச் சிற்றூர்களில் கோயில் திருவிழாவின்போது பந்தல் மேடையிட்டு, சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களை இரவு முழுவதும் நடத்தும் வழக்கம் இன்றும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே அமைந்த ஓடைப்பட்டியில் வளரும் ஒரு மாணவருக்கு, நாடகம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அப்பந்தல் மேடையாகவே இருக்கக்கூடும். அவர் உயர்கல்விக்காகப் பல்கலைக்கழகம் செல்லும்போது அங்கும் ஒரு மேடை இருக்கிறது. அதற்கெனக் கட்டடமும் ஒளியமைப்பும் பாடத்திட்டமும் உள்ளன. ஊர்மேடைக்கும் பல்கலைக்கழக மேடைக்கும் இடையே உள்ள தொடர்பு யாது? இவ்வினாவிற்குச் செயல்வழி விடை தேடிய இடங்களுள் முதன்மையானது பேராதனை.

கொழும்பில் ஊன்றிய வித்து

இலங்கையின் முதல் பல்கலைக்கழகக் கல்லூரி 1921ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கப்பெற்றது. அது 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கு ஆங்கிலப் பேராசிரியர் ஈ. எஃப். சி. லுடோவைக்கின் வழிகாட்டலில் மாணவர் நாடகச் சங்கம் ஒன்று இயங்கியது. மேலைநாட்டு நாடகங்களை ஆங்கிலத்தில் செம்மையாக மேடையேற்றிய அச்சங்கம், நடிப்பு, ஒத்திகை, மேடை ஒழுங்கு ஆகியவற்றில் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தது.

அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் பொறுப்பேற்றவர் விபுலாநந்த அடிகள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அவர், நாடகவியல் குறித்து 'மதங்க சூளாமணி' என்னும் நூலை இயற்றியவர். சேக்சுபியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ் மரபோடு இணைத்து ஆராயும் அந்நூலை, 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது.

விபுலாநந்தருக்குப்பின் தமிழ்த்துறைத் தலைமையை ஏற்றவர் க. கணபதிப்பிள்ளை. மொழியியலிலும் கல்வெட்டியலிலும் புலமைமிக்க அவர், மாணவர்கள் நடிப்பதற்கென்றே நாடகங்களை எழுதினார். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' முதலிய நான்கு நாடகங்கள் 'நானாடகம்' என்னும் பெயரில் 1940இல் நூலாயின. யாழ்ப்பாணத்து மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசும் தமிழே இந்நாடகங்களின் மொழி. மேடையில் செந்தமிழும் பாட்டுமே ஒலிக்க வேண்டும் என்று கருதப்பட்ட காலத்தில், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பேச்சுவழக்கை மேடையேற்றியது துணிவான செயலாகும். மக்கள் வழக்கு ஆய்வுக்கும் கலைக்கும் உரியது என்னும் கருத்து இவ்வாறு தமிழ்த்துறைக்குள் வேரூன்றியது. அவருடைய நாடகங்களில் நடித்த மாணவர்களுள் ஒருவரே, பின்னாளில் பழந்தமிழர் நாடகம் குறித்துச் சிறந்த ஆய்வு நிகழ்த்திய கார்த்திகேசு சிவத்தம்பி.

பள்ளத்தில் அமைந்த அரங்கு

முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் முயற்சியால், 1952இல் பல்கலைக்கழகம் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கியது. ஒருபுறம் அந்தானை மலைத்தொடரும் மறுபுறம் மகாவலி ஆறும் சூழ்ந்த வளாகம் அது. மாணவர்கள் விடுதிகளில் தங்கிப் பயின்றமையால் மாலைப்பொழுதுகள் ஒத்திகைக்கு வாய்ப்பாயின. தலைநகரின் நாடகக் கொட்டகைகள் தொலைவில் இருந்தமையால், வளாகத்திற்குள்ளேயே ஓர் அரங்கின் தேவையும் எழுந்தது.

அத்தேவையை நிறைவேற்றியது இயற்கையாகவே அமைந்த ஒரு பள்ளம். மலைச்சரிவு படிப்படியாகத் திருத்தப்பட்டு இருக்கைகளாயிற்று, அடிப்பகுதி மேடையாயிற்று. மரங்களும் வானமுமே கூரை. சிங்கள மொழியில் பள்ளம் எனப் பொருள்படும் 'வள' என்னும் சொல்லாலேயே மாணவர்கள் இதனை அழைத்தனர். பண்டைக் கிரேக்கரும் மலைச்சரிவைக் குடைந்தே தம் அரங்குகளை அமைத்தனர். மேடை தாழ்ந்தும் இருக்கைகள் உயர்ந்தும் இருப்பதால், முன்வரிசையில் இருப்பவர் பின்வரிசையில் இருப்பவருக்கு மறைப்பாக இருப்பதில்லை. நடிகரின் குரலும் தடையின்றி மேலேறிச் செல்கிறது. பெரும் பொருட்செலவின்றிப் பெருந்திரளான மக்கள் கண்டு மகிழ இதனினும் எளிய அமைப்பு வேறில்லை எனலாம்.

இவ்வரங்கு இன்று, சிங்கள நாடகத்தின் மறுமலர்ச்சிக்கு வித்திட்ட பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 'நாடகம' என்னும் சிங்கள நாட்டார் அரங்க வடிவத்தைத் தழுவி 'மனமே' என்னும் நாடகத்தைப் படைத்தார். பல்கலைக்கழக மாணவர்கள் நடித்த அந்நாடகம், 1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. 1961இல் அவருடைய 'சிங்கபாகு' பேராதனைத் திறந்தவெளி அரங்கில் ஆடப்பட்டது. நாடகம மரபை அறிவதற்காகச் சரச்சந்திர நாடியது, அக்கலையில் தேர்ந்த சார்ல்ஸ் சில்வா குணசிங்க என்னும் ஊர்க்கலைஞரை ஆகும்.

'நாடகம' என்னும் அவ்வடிவத்தின் பெயரே அதன் தோற்றத்தைச் சுட்டுகிறது. தமிழ்க் கத்தோலிக்கர் ஆடிய கூத்தின் தாக்கத்தால் உருவானது அவ்வடிவம் என்பது ஆய்வாளர் கருத்து. தமிழ்க்கூத்திலிருந்து பிறந்த ஒரு வடிவம் சிங்கள நாடகத்திற்குப் புத்துயிர் அளித்தபோது, மூலமாகிய தமிழ்க்கூத்தின் நிலை யாது என்னும் வினா தமிழ்த்துறையில் எழுந்தது இயல்பே. அவ்வினாவைச் செயலாக மாற்றியவர் சு. வித்தியானந்தன்.

தெரிந்து தெளிவோம்

சு. வித்தியானந்தன் (1924–1989) யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்தவர். பத்துப்பாட்டை ஆராய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 'தமிழர் சால்பு' என்னும் நூலின் ஆசிரியர். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராகவும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் பணியாற்றினார். 'அலங்கார ரூபன் நாடகம்', 'எண்டிரீக்கு எம்பரதோர் நாடகம்', 'மூவிராசர் நாடகம்', 'ஞானசவுந்தரி நாடகம்' முதலிய கூத்து நூல்களைப் பதிப்பித்தார்.

மட்டக்களப்பின் வட்டக்களரி

கிழக்கிலங்கையின் மட்டக்களப்புப் பகுதி கூத்துக் கலையின் வளமான நிலமாகும். அங்கு ஆடப்படும் கூத்து, வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். பாரத, இராமாயணப் போர்க்கதைகள் பெரும்பாலும் வடமோடியில் அமையும். ஆட்டமுறை, பாடும் முறை, உடை ஆகியவற்றில் இவ்விரண்டும் வேறுபடும். வடமோடியில் அரச பாத்திரங்கள் அணியும் கரப்புடுப்பு, இடையைச் சுற்றிக் கூடுபோல் விரிந்து நிற்கும். அதனை அணிந்து ஆடுவதற்கு உடல்வலிமையும் நெடும்பயிற்சியும் தேவை.

கூத்து ஆடப்படும் இடம் வட்டக்களரி எனப்படும். மண்ணைச் சற்று உயர்த்தி வட்டமாக அமைத்து, சுற்றிலும் கம்புகள் நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டுவர். களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். சல்லரி என்னும் தாளக்கருவியை இசைப்பவரும் பிற்பாட்டுக்காரரும் அவருடன் நிற்பர். ஆடுவோர் அவர்களைச் சுற்றி வட்டமாக ஆடுவர். மக்கள் நாற்புறமும் அமர்ந்து காண்பர். இங்கு முன்பக்கம் பின்பக்கம் என்னும் வேறுபாடு இல்லை. எப்பக்கம் இருப்பவருக்கும் கூத்தர் ஒருமுறையேனும் எதிர்ப்படுவார்.

கூத்து ஓர் இரவில் முடிவதாயினும் அதற்கான பயிற்சி பல மாதங்கள் நீளும். யார் எப்பாத்திரம் ஏற்பது என முடிவுசெய்து பாடல்களை வழங்குவது 'சட்டம் கொடுத்தல்' எனப்படும். தாளக்கட்டுகளும் ஆட்டங்களும் நாள்தோறும் பழக்கப்படும். பயிற்சி முதிர்ந்தபின் காலில் சதங்கை அணிவிக்கும் விழா நடைபெறும். அதன்பின் அரங்கேற்றம், அதனைத் தொடர்ந்து வீட்டுக்கு வீடு சென்று ஆடுதல். இவை அனைத்திற்கும் ஊரே பொறுப்பேற்கும். ஆகவே, கூத்து என்பது ஒரு கலைநிகழ்வு மட்டுமன்று. ஓர் ஊர் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வாழ்க்கைமுறையுமாகும்.

இத்தகைய கலை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நலிவை நோக்கிச் சென்றது. திரைப்படமும் புதுவகை மேடை நாடகங்களும் மக்களை ஈர்த்தன. ஆங்கிலக் கல்வி பெற்றோர் கூத்தினை நாகரிகமற்றதெனப் புறக்கணித்தனர். ஆடுவோரின் சாதியையும் ஏழ்மையையும் காட்டி, அவர்தம் கலையையும் தாழ்வாகக் கருதும் மனப்பான்மை நிலவியது. அண்ணாவிமார் முதுமையடைந்தனர், அவர்தம் நினைவிலும் ஏட்டுச்சுவடிகளிலும் மட்டுமே இருந்த கூத்துகள் அவர்களோடு மறையும் நிலை ஏற்பட்டது.

அண்ணாவியார் ஆசிரியரானார்

வித்தியானந்தன் தம் பணியை மூன்று வழிகளில் மேற்கொண்டார். முதலாவது, ஊர்களில் கூத்துப் போட்டிகளை நடத்தி, அண்ணாவிமாரை ஒன்றுகூட்டிச் சிறப்பித்தது. அரசின் கலையமைப்பு ஒன்றின் சார்பில் கிடைத்த அச்சிறப்பு, கலைஞரின் தன்மதிப்பை உயர்த்தியது. இரண்டாவது, சுவடிகளிலும் வாய்மொழியிலும் இருந்த கூத்துப் பனுவல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தது. மூன்றாவதாகிய பணியே மிகவும் துணிவானது. அது, கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பயிற்றுவித்து மேடையேற்றியதாகும்.

இப்பயிற்சியை அளிக்கப் பேராதனைக்கு அழைக்கப்பட்டவர், மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். பட்டம் பெற்றவர்களே கற்பிக்கும் இடமாகிய பல்கலைக்கழகத்தில், பட்டமேதும் பெறாத ஊர்க்கலைஞர் ஒருவர் மத்தளத்தோடு வந்து நின்று கற்பித்தார். தாளக்கட்டுச் சொற்களை அவர் சொல்ல, வருங்காலத்தில் ஆசிரியர்களாகவும் ஆய்வாளர்களாகவும் விளங்கவிருந்த மாணவர்கள் அவற்றுக்கேற்பக் காலடி வைத்துப் பழகினர். அறிவு நூலில் மட்டுமன்று, உடலிலும் குரலிலும் தங்கியிருக்கிறது என்பதை அவ்வொத்திகைகள் உணர்த்தின. ஒரு கட்டடத்தைவிட, ஒளிவிளக்குகளைவிட, இவ்வேற்பே அப்பல்கலைக்கழக அரங்கின் மிகப்பெரிய வசதி எனலாம்.

பயிற்சி பெற்றவர்களுள் சிலர் கூத்தாடும் ஊர்களிலிருந்தே வந்தவர்கள். மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு அவர்களுள் ஒருவர். தம் ஊரின் கலையைத் தம் பல்கலைக்கழகத்தின் மேடையில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

களரியிலிருந்து மேடைக்கு

வட்டக்களரிக்கு உரிய கூத்தை, ஒருபக்கம் மட்டுமே திறந்திருக்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது பல மாற்றங்கள் தேவைப்பட்டன.

முதலாவது காலம். விடிய விடிய ஆடப்படும் கூத்து ஏறத்தாழ ஒன்றரை அல்லது இரண்டு மணிநேர அளவிற்குச் சுருக்கப்பட்டது. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கூறும் பாடல்களும் நீண்ட வரவாட்டங்களும் குறைக்கப்பட்டன.

இரண்டாவது இடம். நாற்புறமும் நோக்கி ஆடிய கூத்தர் இப்போது ஒருபுறம் நோக்கி ஆட வேண்டியதாயிற்று. அதனால் ஆட்டக்கோலங்கள் மாற்றியமைக்கப்பட்டன. களரியின் நடுவில் நின்ற அண்ணாவியாரும் பாடகரும் மேடையின் ஓரத்திற்கு நகர்ந்தனர்.

மூன்றாவது நடிப்பு. மரபுக்கூத்தில் ஆட்டமும் பாட்டும் மேலோங்கி நிற்கும். பேராதனைத் தயாரிப்புகளில் பாத்திரத்தின் உணர்ச்சிக்கேற்ற மெய்ப்பாடு வலியுறுத்தப்பட்டது. சினத்தில் ஆடும் ஆட்டமும் துயரத்தில் ஆடும் ஆட்டமும் வேறுவேறாக இருக்க வேண்டும் என்பது நெறியாயிற்று.

நான்காவது பெண்களின் பங்கேற்பு. ஊர்க்கூத்தில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்று ஆடினர். பேராதனையில் மாணவியர் அப்பாத்திரங்களை ஏற்றனர். 1960களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக மாணவியர் சதங்கை கட்டிக் கூத்தாடியது, அக்காலச் சமூகச் சூழலில் எளிய செய்தியன்று.

ஐந்தாவது ஒளியும் ஒப்பனையும். காட்சிக்கேற்ற ஒளியமைப்பு பயன்படுத்தப்பட்டது. உடையும் அணியும் மேடைக்கேற்பச் செப்பமாக்கப்பட்டன. மத்தளம், சல்லரி, தாளக்கட்டு, ஆட்டத்தின் அடிப்படை ஆகிய கூத்தின் உயிர்க்கூறுகள் மாற்றப்படவில்லை.

கர்ணன் போர் முதல் இராவணேசன் வரை

இம்முயற்சியின் முதற்கனியாக 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. வடமோடியில் அமைந்த இக்கூத்தைத் தொடர்ந்து, மறு ஆண்டில் தென்மோடியைச் சார்ந்த 'நொண்டி நாடகம்' ஆடப்பட்டது. இவ்விரண்டும் முன்பே வழங்கிய கூத்துப் பனுவல்களைச் சுருக்கியும் செப்பமாக்கியும் அமைத்தவை.

அடுத்து வந்த 'இராவணேசன்' ஒருபடி மேலே சென்றது. மௌனகுரு எழுதிய இப்பனுவல், இராவணனை வீழ்ச்சியை எதிர்நோக்கும் துன்பியல் தலைவனாகக் காட்டியது. தன் தவற்றை உணர்ந்தும் தன் மானத்தை விட இயலாத ஒருவனின் உள்ளப் போராட்டமே இதன் மையம். இராவணனாக மௌனகுருவே ஆடினார். மரபுக்கூத்தின் ஆட்டமும் தாளமும், தற்கால நாடகத்திற்குரிய பாத்திரப் படைப்போடு இணைய முடியும் என்பதை இது மெய்ப்பித்தது. பின்னர் 'வாலி வதை'யும் இவ்வரிசையில் மேடையேறியது.

இந்நாடகங்கள் பல்கலைக்கழகத்திற்கு வெளியேயும் ஆடப்பட்டன. கூத்தை ஏளனமாக நோக்கிய நகரத்தார், பல்கலைக்கழக மாணவர் ஆடியபோது அதனை வியந்து பார்த்தனர். அதே கலையை ஊர்க்கலைஞர் ஆடியபோது காணத் தவறிய சிறப்பை, மேடை மாறியபின் அவர்கள் கண்டனர். இது கூத்துக்குக் கிடைத்த பெருமை. அதேவேளையில், கலையைவிட ஆடுவோரின் தகுதியையே அளந்த சமூகத்தின் குறையையும் அது வெளிப்படுத்தியது.

பெற்றதும் இழந்ததும்

எந்தவொரு கலையையும் புதிய சூழலுக்கு மாற்றும்போது ஆதாயமும் இழப்பும் சேர்ந்தே வரும். பேராதனை முயற்சியால் கூத்து ஆய்வுக்குரிய பொருளாயிற்று, பாடத்திட்டத்தில் இடம்பெற்றது, படித்த இளைஞர்கள் அதனைப் பெருமையுடன் ஆடினர். சமூகச் சிக்கல்களைப் பேசவும் அவ்வடிவம் பயன்பட்டது. மௌனகுரு 1969இல் படைத்த 'சங்காரம்', சாதி, வர்க்கம் முதலிய ஏற்றத்தாழ்வுகளை வடமோடி ஆட்டத்தின் வழியே எதிர்த்தது. புராண அரசர்கள் ஆடிய அதே தாளத்திற்கு உழைக்கும் மக்கள் ஆடினர்.

மறுபுறம், களரியின் வட்டம் சட்டகமாகச் சுருங்கியபோது காண்போருக்கும் ஆடுவோருக்கும் இடையே இருந்த நெருக்கம் குறைந்தது. ஓரிரவு முழுவதும் ஊர் கூடியிருக்கும் அனுபவத்தை இரண்டு மணிநேர நிகழ்ச்சி தர இயலாது. எது செம்மை, எது மிகை என முடிவுசெய்யும் உரிமை ஊரிடமிருந்து கற்றோரிடம் சென்றது என்னும் திறனாய்வும் எழுந்தது. இதனை உணர்ந்த சி. ஜெயசங்கர், மட்டக்களப்பின் சீலாமுனை என்னும் ஊரில் 'கூத்து மீளுருவாக்கம்' என்னும் பணியைப் பிற்காலத்தில் முன்னெடுத்தார். கூத்தை அதன் களரியிலேயே, ஊர்மக்களோடு உரையாடி, அவர்களே முடிவெடுக்கும் வகையில் புதுப்பிப்பது அதன் நோக்கம். பாத்திரங்களின் இயல்பும் பெண்கள் சித்திரிக்கப்படும் முறையும் அங்கு ஊராரோடு விவாதிக்கப்பட்டன.

இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. கூத்து உயிருள்ள கலை. அதனைப் பேழைக்குள் வைத்துக் காக்க இயலாது. ஆடியே காக்க இயலும் என்பதே அவ்வடிப்படை. பேராதனை முயற்சி கூத்தின் மதிப்பை உயர்த்தியிராவிடின், அதனைக் களரிக்கு மீட்டுச் செல்லும் பிற்கால முயற்சிக்கு இத்துணை எளிதில் இடம் கிடைத்திருக்குமா என்பதும் எண்ணத்தக்கது.

விரிந்த அரங்குகள்

1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் தலைவர் க. கைலாசபதி, அவர் பெயரால் அமைந்த கலையரங்கம் இன்றும் அப்பல்கலைக்கழகத்தின் முதன்மையான மேடையாக விளங்குகிறது. போர்ச்சூழலில் மாணவர் அரங்கின் பணி மேலும் கடினமாயிற்று. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் பல்கலைக்கழக மாணவர்களால் ஆடப்பட்டது. துன்புற்ற மக்களின் வாழ்வை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்த அந்நாடகத்திற்கு மேடை என்பது மண்டபத்தோடு முடியவில்லை. மக்கள் கூடிய இடமெல்லாம் மேடையாயிற்று.

தமிழ்நாட்டிலும் கல்வி நிறுவனங்கள் நாடகத்திற்கு இடமளித்தன. 1977இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறை, நவீனத் தமிழ் நாடகத்திற்கு வழிகோலிய நிகழ்வுகளுள் ஒன்று. அதில் பெரும்பங்காற்றிய பேராசிரியர் செ. இராமானுஜம், பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையிலும் பணியாற்றினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற நிகழ்கலைப் பள்ளி, சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியது. அதற்குத் தலைமையேற்று வழிநடத்தியவர் நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி. ஊர்ப்பந்தலில் பாடப்படும் 'வள்ளி திருமண'த்தின் ஆசிரியர் பெயரால் ஒரு பல்கலைக்கழகப் பள்ளி அமைந்தது, ஊர்மேடையும் கல்விமேடையும் உறவுடையன என்பதற்குச் சான்றாகும். எனவே, நாடகத்தைப் பட்டப்படிப்பாகப் பயில விரும்பும் மாணவருக்குத் தமிழகத்தின் அருகிலேயே வாயில்கள் திறந்துள்ளன.

ஊருக்கே வந்த பல்கலைக்கழகம்

1981இல் மட்டக்களப்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் முதன்மை வளாகம் அமைந்துள்ள ஊர் வந்தாறுமூலை. ஒரு காலத்தில் செல்லையா அண்ணாவியார் தம் மத்தளத்தோடு புறப்பட்டு, மலைநாட்டிலிருந்த பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது. பின்னர்ப் பல்கலைக்கழகமே அவருடைய ஊரைத் தேடி வந்தது. மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற மௌனகுரு, அப்பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறைத் தலைவராகப் பணியாற்றினார். தம் இளமையில் தாம் ஆடிய 'இராவணேசனை' அடுத்த தலைமுறை மாணவர்களுக்குப் பயிற்றுவித்துப் புதிய வடிவில் மேடையேற்றினார். பேராதனையில் அண்ணாவியாரிடம் கற்ற மாணவர், அண்ணாவியாரின் மண்ணில் ஆசானாக நின்றார்.

ஒரு பல்கலைக்கழக அரங்கின் வளத்தை அதன் இருக்கைகளின் எண்ணிக்கையாலும் விளக்குகளின் ஒளியாலும் மட்டும் அளவிட இயலாது. அம்மேடை யாரை ஆசானாக ஏற்கிறது, யாருடைய கலைக்கு இடமளிக்கிறது, தான் பெற்றதை யாரிடம் திருப்பித் தருகிறது என்பனவே அதன் உண்மையான அளவுகோல்கள். நம் ஊர்த் திருவிழாவில் நள்ளிரவுக்குப் பின்னும் ஆர்மோனியத்தோடு ஒலிக்கும் குரல் ஒரு கல்வியின் குரல் என்பதை உணர்வோமாயின், அடுத்த களரிக்கான மண்ணை நாமே உயர்த்தத் தொடங்கிவிட்டோம் எனலாம்.

சொற்பொருள்

அண்ணாவியார் – கூத்தைப் பயிற்றுவித்து நடத்தும் ஆசான்
எழினி – திரைச்சீலை
களரி – கூத்து ஆடப்படும் இடம்
சல்லரி – கூத்தில் இசைக்கப்படும் தாளக்கருவி
தாளக்கட்டு – ஆட்டத்திற்குரிய தாளச் சொற்கோவை
படச்சட்ட மேடை – மூன்று பக்கமும் மூடி, முன்பக்கம் மட்டும் திறந்த மேடை
பனுவல் – நூல். இங்கு நாடகத்தின் எழுத்து வடிவம்
மெய்ப்பாடு – உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வாழும் நாடகக் கலைஞர் அல்லது கூத்துக் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் யாரிடம், எவ்வளவு காலம், எம்முறையில் பயின்றார் என்பதைக் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.

2. உங்கள் பள்ளி வளாகத்தில் குறைந்த செலவில் ஒரு திறந்தவெளி அரங்கு அமைக்கத்தக்க இடத்தைத் தேர்ந்து, காண்போர் அமரும் திசை, ஒலி, நிழல் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு வரைபடம் தயாரிக்க.

3. நீங்கள் பார்த்த ஓர் இரவுநேர ஊர்நாடகத்தின் ஒரு காட்சியைப் பதினைந்து நிமிட வகுப்பறை நாடகமாக மாற்றி நடித்துக் காட்டுக. எவற்றை நீக்கினீர்கள், ஏன் என்பதை வகுப்பில் விளக்குக.

குறுவினா

1. அரங்கேற்று காதை கூறும் மூவகை எழினிகளை எழுதுக.
2. 'சட்டம் கொடுத்தல்' என்பது யாது?
3. பேராதனைத் திறந்தவெளி அரங்கு 'வள' என அழைக்கப்பட்டது ஏன்?

சிறுவினா

1. க. கணபதிப்பிள்ளையின் நாடகங்களில் பேச்சுவழக்குப் பெற்ற இடத்தை விளக்குக.
2. வட்டக்களரிக்கும் படச்சட்ட மேடைக்கும் உள்ள வேறுபாடுகளைக் கூறுக.
3. கூத்தை வளர்க்க வித்தியானந்தன் மேற்கொண்ட மூவகைப் பணிகள் யாவை?

நெடுவினா

1. கூத்து பல்கலைக்கழக மேடைக்கு வந்தபோது ஏற்பட்ட மாற்றங்களைத் தொகுத்துரைத்து, அவற்றால் விளைந்த ஆதாயங்களையும் இழப்புகளையும் மதிப்பிடுக.
2. 'கலையை ஆடியே காக்க இயலும்' – இக்கூற்றை, உங்கள் வட்டாரக் கலை ஒன்றோடு பொருத்திக் கட்டுரை வரைக.